ஆறு கேரியரும் ரெண்டு மெஷினும்

— அதெல்லாம் சரி கண்ணகி, இது அரைக்கும். அது அரைக்கவும் செய்யும், வேகவும் வைக்கும். ரெண்டுக்கும் நடுவுல நான் கெடந்து முழிக்கேன். நீ ஒரு வார்த்த சொல்லு.

— நான் இன்னாத்த சொல்றது தேவயானிக்கா? மொதல்ல அந்த போன கொஞ்சம் தள்ளிப் புடிங்க, கண்ணுல குத்துது. தோ, ஒசரமா நிக்குதே, இது மிக்சிதானே?

— மிக்சி மாதிரிதான். ஆனா நம்ம மிக்சிய விட பல மடங்கு வேகமாம். பிளெண்டர்ங்கான் எம் பையன் அஸ்வின். பாதாமப் போட்டா வெண்ணெயா வருமாம். தக்காளியப் போட்டு ஓட்டுனா அடுப்பே இல்லாம சூடா சூப்பு வருமாம்.

— அடுப்பு இல்லாம எப்டிக்கா சூடாவும்?

— சுத்துற சுத்துல சூடாயிருமாம். எனக்கும் வெளங்கல. இந்தா, இந்தக் குண்டு இருக்கு பாரு, இதுதான் எல்லாஞ் சேர்ந்தது. நறுக்கும், அரைக்கும், வதக்கும், கிண்டும், ஆவியில வேக வைக்கும். எடகூட அதுவே போட்டுக்கிடும். "இப்பம் பருப்பப் போடு, இப்பம் உப்பப் போடு"ன்னு ஸ்க்ரீன்ல சொல்லிக்கிட்டே இருக்குமாம்.

— போட்டுட்டு?

— போட்டுட்டு நீ பாட்டுக்கு அடுத்த வேலயப் பாக்கலாம். சாம்பார் ஆனதும் அதுவே கூப்பிடும்.

— கூப்டுமா! அப்ப நான் எதுக்குக்கா?

— ஏட்டி, நான் என்ன கேக்கேன், நீ என்ன சொல்லுத?

— இல்ல, சும்மா கேட்டேன். சார் இன்னா சொல்றாரு?

— அவுகளா? "எது வேணும்னாலும் வாங்கு, என்னயக் கேக்காத"ன்னுட்டு ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போயிட்டாவ. பையன் பெங்களூர்ல இருந்து போனு மேல போனு. ஆஃபர் இன்னையோட முடியுதாம். "எதுன்னு சொல்லும்மா, இங்கிருந்தே ஆர்டர் போட்டுருதேன்"ங்கான். நான் காலையில இருந்து ஒண்ணு பாத்தா இன்னொண்ணு நல்லாருக்கு, இன்னொண்ணு பாத்தா மொதல்ல பாத்தது நல்லாருக்கு.

— நான் மனசுல பட்டத சொல்லவாக்கா?

— அதுக்குத்தானே கேக்கேன்.

— அந்தக் குண்டு வேணாம்.

— ஏன்?

— அத்தினி வேலயயும் ஒண்ணே செஞ்சிகினு கெடந்தா, ஒரு வேலயும் உருப்படியா செய்யாது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்னு சும்மாவா சொன்னாங்க?

— நல்லாத்தான் பேசுத. ஆனா அந்தப் பிளெண்டர் போடுத சத்தம் இருக்கே, பையன் வீடியோ அனுப்பினான், ஏரோப்பிளேன் எறங்குத மாதிரி இருக்கு. நைட் ஷிப்டு முடிச்சிட்டு இந்த பிளாக்ல எத்தன பேரு பகல்ல தூங்குதாவ! எல்லாரும் எந்திரிச்சி அடிக்க வருவாவ.

— யாரும் தூங்காத நேரமா பாத்து அரைச்சிக்கிறேன். இல்லாங்காட்டி மொட்ட மாடிக்கு தூக்கிகினு போயி அரைச்சிட்டு வரேன்.

— மாடியில ஏதுடி பிளக்கு?

— அத்த விடுங்க. சங்கீதாம்மா வூட்ல இந்தக் குண்டத்தானே வாங்கினாங்க? அது இன்னா ஆச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?

— அடுத்த தெரு சங்கீதாவா? வாங்கினது தெரியும். எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலியே.

— எப்டி சொல்லுவாங்க, ஆசயா வாங்கினது? மெய்யாலுமேக்கா, அன்னிக்கு என்ன உள்ள கூப்ட்டு காட்டினாங்க. வெண்டைக்கா பொரியல் வெச்சாங்க. அது கிண்டுது, கிண்டுது, கிண்டிகினே கீது. தொறந்து பாத்தா பசை. போஸ்டர் ஒட்டலாம்.

— அய்யய்ய!

— ரசம் வெச்சா கூழு. இப்ப அதுமேல துணியப் போட்டு மூடி, சாமிக்கு வாங்குற பூக்கூடய வெச்சிருக்காங்க.

— அப்படியா சேதி. ஆனா இதுல ஆறு பேருக்குச் சமைக்கலாம்னு போட்டிருக்கு. ஆறு பேருக்கு ஆகுமா கண்ணகி?

— ஆறு பேரா? நீங்களும் சாரும் ரெண்டே பேரு. ஆறு பேரு எங்கேந்துக்கா வந்தாங்க?

— நீ ஒரு நாளு சொன்னேல்லா, ட்ரெயினிப் பயலுவ ஆறு பேரு கேரியர் சாப்பாடு கேக்கானுவன்னு.

— அதுவா! அது வாய் வார்த்த. காலைல இங்க வந்துட்டா எங்க வூட்டு அடுப்புகிட்ட யாரு நின்னுகினு இருப்பா? ஆசப்பட்டேன், அதோட சரி. அதுக்கும் இதுக்கும் இன்னாக்கா?

— ஒண்ணுமில்ல. ஒங்க வீட்ல மூணு பின் பிளக்கு இருக்கா?

— இருக்குது, கிரைண்டருக்குப் போட்டது. எதுக்கு?

— ஒங்க ஊரு கம்மாபுரத்துல கரண்ட் ஏறி எறங்குமோ?

— ஏறும், எறங்கும், சமயத்துல போயே போயிடும். பக்கத்துலயே கரண்டுக்குன்னு கரி வெட்டிகினு இருக்கறாங்க, எங்க வூட்டு லைட்டு மினுக்கு மினுக்குன்னுது. அக்கா, நீங்க கேக்குறது ஒண்ணும் புரியல. மெஷினு இங்க, பிளக்கு அங்கயா?

— எனக்கே புரியல போ. தலய சுத்துது.

— காந்திமதிய தெரியும் இல்ல உங்களுக்கு?

— எந்தக் காந்திமதி?

— எங்க ஊருதான். ஒரு ஆபீசர் வூட்ல பாத்திரம் தேச்சிகினு இருந்தா. அங்க பாத்திரம் கழுவுற மெஷினு வந்துது. வந்த அன்னிக்கு அவளயே கூப்ட்டு அதுக்கு பொட்டு வெக்கச் சொன்னாங்க. அந்தப் பைத்தியக்காரியும் பூவப் போட்டு, சூடம் காட்டி, கன்னத்துல போட்டுகினா. அடுத்த மாசம் வர வேணாம்னுட்டாங்க.

— அந்தக் கதைய இப்பம் எதுக்குச் சொல்லுத?

— எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?

— என்னத்தச் சொல்லச் சொல்லுத?

— ஒடச்சே சொல்லிடறேன். உங்களுக்கே தெரியும், கான்ட்ராக்டர் மாறினதுலேருந்து எங்க வூட்டுக்காரருக்கு வேல இல்ல. தெனம் மைன்ஸ் கேட்டு வரைக்கும் போயி நின்னுட்டு, வெயில் ஏறினதும் திரும்பி வர்றாரு. இந்த வூட்ட நம்பித்தான் எங்க வூட்ல ஒல கொதிக்குது. எனக்கு பயமா இருக்குதுக்கா. தப்பா எடுத்துக்காதீங்க.

— தப்பா எடுக்கலடி. நீ நெனைக்க மாதிரி இல்ல.

— அப்ப அந்த மிக்சியே வாங்குங்க.

— அதுல இட்லிக்கு ஆட்டுனா மாவு சூடாயிருமாமே?

— ஆவட்டும். ஐஸ் தண்ணி ஊத்தி அரைச்சிக்கிறேன். அது அரைக்கும், அத்தோட அது வேல முடிஞ்சிபோச்சு. தாளிக்க, கிண்ட, எறக்க ஒரு ஆளு வேணும் இல்ல?

— எனக்கு மனசு அந்தக் குண்டு மேலதான் கெடக்கு. ஒருத்தி தனியா நின்னு ஆறு பேருக்கு ஆக்கணும்னா, அது ஒரு பக்கம் கிண்டிக்கிட்டு இருக்கும், இவ ஒரு பக்கம் கேரியரக் கட்டுவா...

— எவக்கா?

— எவளோ ஒருத்தி. இரு, எதுக்கும் சங்கீதாட்ட ஒரு போனப் போட்டுக் கேட்டுருதேன்.

— ஐயோ, வேணாம்க்கா! அந்தம்மா அழுதுடுவாங்க. போன வாரம் அதுலேருந்து பொகையே வந்துது. சுச்ச அணைச்சிட்டு எல்லாரும் வாசலுக்கு ஓடியாந்தாங்க. மெய்யாலுமே!

— பொகையா? அடப்பாவமே! கூரை வீட்ல அப்படிப் பொகஞ்சா என்ன ஆவும்?

— குவார்ட்டர்ஸ்ல ஏதுக்கா கூரை?

— சவம், என் வாயில என்னமோ வருது. இரு, அவன்தான் கூப்பிடுதான்... ஆங், சொல்லுடா அஸ்வின். கேட்டுட்டேன், கேட்டுட்டேன். அந்தக் குண்டு வேண்டாம்டா. பொகையுதாம்... ஆமா, பிளெண்டரே போட்டுரு... எனக்கும் வருத்தந்தான். ஆனா அவளே வேண்டாங்கும்போது நாம என்ன செய்ய?... அட்ரஸா? வையி, கேட்டுட்டுக் கூப்பிடுதேன்.

— கொளஞ்சியப்பா, காப்பாத்திட்டடா சாமி! அக்கா, நாளைக்கு விடியக்கொள்ள வந்து உங்களுக்கு மொடக்கத்தான் தோச சுட்டுத் தரேன். சாருக்கு காரச் சட்னி. சரிதானே?

— கண்ணகி, இப்படி உக்காரு.

— தரயெல்லாம் ஈரம். இன்னாக்கா?

— ஈரமாவது ஒண்ணாவது, உக்காருடி. அவுகளுக்கு டிரான்ஸ்பர் வந்துட்டு. ராஜஸ்தானுக்கு. மாசக் கடைசியில குவார்ட்டர்ஸக் காலி பண்ணணும்.

— இன்னாது?

— ஆர்டர் வந்த அன்னைக்கே ஒங்கிட்டச் சொல்லணும்னுதான் நெனச்சேன். ஒம் வீட்டுக்காரரு தொரராஜுக்கு வேல இல்லன்னு நீ அழுதுக்கிட்டு வந்து நின்ன. எனக்கு வாய் வரல.

— அப்ப... அவ்ளோ தூரம் காலி பண்ணிகினு போறவங்க எதுக்குக்கா மெஷினு வாங்குறீங்க?

— ஒன்ன வெறுங்கையோட விட்டுட்டுப் போவ எனக்கு மனசு வருமா? வீட்ல இருந்தே அந்த ஆறு கேரியர் போட்டாவது பொழச்சிக்கிடுவன்னு நானும் பையனும் முடிவு பண்ணோம். சரி, நீ கேட்டதயே அனுப்புதான். அட்ரஸ்ல ஒம் பேரு போடச் சொல்லவா, தொரராஜ் பேரு போடவா?

— யக்கா... சங்கீதாம்மா வூட்டு மெஷின நான் கண்ணால பாத்ததே இல்லக்கா.