மேல்மாடிக்கு ஒரு பம்ப்

ஜோதியம்மாள்: ...அதுக்குப் போயி இன்னொரு பம்பா? இப்ப இருக்கறதே கீழ என் வீடு வரைக்கும் வண்டு மாதிரி ரீங்காரம் போடுது தம்பி.

பிரேம்குமார்: பம்ப் மேல தப்பில்லீங்கம்மா. தண்ணி டேங்க் இந்த வீட்டுக்கு நேர் தலைக்கு மேல. உங்க கீழ்வீட்டுக்கு எறங்குற வேகம் இங்க இருக்காது. வேகம் இல்லன்னா ஆர்.ஓ. மெஷினுக்குள்ள தண்ணி நொழையாது. புடிச்சுத் தள்ளறதுக்குத்தான் பூஸ்டர் பம்ப்.

ஜோதியம்மாள்: ஓ... மாப்பிள்ளை நடக்கமாட்டாருன்னு பின்னாலிருந்து தள்ள ஒரு தோழன்!

நிர்மலா: அக்கா, அடுப்புல கொழம்பு வெச்சிருக்கேன்னீங்க...

ஜோதியம்மாள்: எறக்கி வெச்சுட்டுத்தான் ஏறினேன். ஆர்.ஓ. கடைக்காரரு ஞாயித்துக்கிழமை பையத் தூக்கிட்டு மாடி ஏறுறாரு. என்ன ஏதுன்னு பாக்க வேணாமா?

நிர்மலா: பாத்தாச்சுல்ல...

ஜோதியம்மாள்: இன்னும் பம்பைப் பாக்கலியே.

பிரேம்குமார்: மூணு எடுத்தாந்திருக்கேன் மேடம். எழுவத்தஞ்சு, நூறு, நூத்தம்பது. ஒரு நாளைக்கு எத்தனை காலன் தண்ணி தள்ளுங்கிற கணக்கு. வீட்ல எத்தனை பேரு?

நிர்மலா: நானும் அவரும்தான். பாப்பா காவேரிப்பட்டணத்துல எங்கம்மாகிட்ட படிக்குது.

பிரேம்குமார்: ரெண்டு பேருக்கு எழுவத்தஞ்சே ஜாஸ்தி.

ஜோதியம்மாள்: கேட்டுக்க! யாவாரி வாயாலயே வந்துருச்சு.

நிர்மலா: பத்தாது அண்ணா. டாக்டர் கண்டிப்பா சொல்லி அனுப்பிட்டாரு. தண்ணி குடிக்காம குடிக்காம அவருக்கு ரெண்டு கிட்னிலயும் கல்லு. ஒண்ணு வீங்கியே போச்சு. தெனம் மூணு லிட்டர் உள்ள போகலன்னா அது செத்துரும்னாரு. அடுத்தது இன்னொண்ணு.

பிரேம்குமார்: அய்யய்யோ... நான்தான் வாய் வெச்சு உறிஞ்சற மாதிரி குழாய் மாட்டிக் குடுத்தேனே. முனிவேல் அண்ணன் அதுல குடிக்கிறதில்லையா?

நிர்மலா: "சொட்டு சொட்டாத்தான் வருது, உறிஞ்சி உறிஞ்சி தாடைதான் நோவுது"ங்கறாரு. கையிருக்கற மனுசன்னா ஒரு சொம்பு மொண்டு குடிச்சுட்டுப் போயிருவாரு...

ஜோதியம்மாள்: ரெண்டு கையவும்தான் ரப்பர் மில்லு உருளைக்குத் தூக்கிக் குடுத்துட்டு வந்தானே. தலைக்கு மேல ஒரு கயிறு தொங்குமாம் தம்பி, இழுத்தா மெஷினு நின்னுருமாம். சும்மா சும்மா தோள் பட்டு நிக்குது, டார்கெட் போகுதுன்னு இவனுங்களே அதைத் தூக்கி மேல கட்டிட்டானுங்க. என்னா மூளை பாருங்க!

நிர்மலா: அக்கா, போதும்.

ஜோதியம்மாள்: தெருவுக்கே தெரிஞ்ச கதைதானே... சரி, நான் பேசல.

பிரேம்குமார்: ஒரு நிமிசம், போன்... ஹலோ! ஹா சார், பர்த்தீனி சார், ஐது நிமிஷ!

ஜோதியம்மாள்: கன்னடத்துல அஞ்சு நிமிசம்னா எவ்ளோ நேரம் தம்பி? எங்க வீட்டுக்கு நீ தமிழ்ல சொன்ன அஞ்சு நிமிசம் மூணு நாளாச்சு.

பிரேம்குமார்: ஹி ஹி... எல்லாம் ஒண்ணுதாம்மா.

நிர்மலா: அண்ணா, அந்தப் பெருசு... நூத்தம்பது. அதப் போட்டா உறிஞ்சாமலே வருமா?

பிரேம்குமார்: உள்ள இருக்கற டேங்க் சீக்கிரம் ரொம்பும், அவ்ளோதான். ஆனா கரண்ட் அடாப்டர் மாத்தணும், உள்ள வடிகட்டற மெம்பரேன் தாங்காது, அதையும் மாத்தணும். கழிவு தண்ணி வேற...

ஜோதியம்மாள்: வேணாம் நிர்மலா. கரண்ட் இழுக்கும். சத்தம் வேற கேக்கும். கழிவு தண்ணி ஊத்தி ஊத்தி மேல டேங்க் காலியானா பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வருவா. கம்முனு இருக்கறதையே வெச்சுக்க.

நிர்மலா: நீங்க ஏன்க்கா மாடி ஏறி வந்து இப்படிக் குறுக்க நிக்கறீங்க? எனக்குப் பம்ப் வந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது?

ஜோதியம்மாள்: எனக்கென்ன... எனக்கு ஒண்ணுமில்ல...

நிர்மலா: வெள்ளிக்கிழமைலருந்து இதையேதான் சொல்றீங்க.

பிரேம்குமார்: மேடம்... நானும் வெள்ளிக்கிழமை இங்க வந்தேன்.

நிர்மலா: எப்ப? எனக்குத் தெரியாதே!

பிரேம்குமார்: நீங்க கம்பெனிக்குப் போனப்பறம். தண்ணி வரலன்னு நீங்க போன்ல சொன்னீங்களேன்னு வந்து மெஷின் மூடியத் தொறந்து பாத்தேன். மத்தியானம் ரெண்டு மணி. டேங்க் தளும்பத் தளும்ப நிக்குது. ரொம்பி, மெஷினே தானா நின்னிருக்கு. குழாய்ல நானே வாய் வெச்சுப் பாத்தேன். ஜிவ்வுனு வருது. அண்ணன் செவுத்தப் பாத்துட்டு, "பம்ப் வீக்குன்னு நிர்மலாகிட்ட சொல்லிரு பிரேமு"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. சரின்னுட்டேன்.

ஜோதியம்மாள்: நீயும் சரின்னியா? அட கஷ்ட காலமே. என்கிட்ட சத்தியமே வாங்கினான்.

நிர்மலா: என்ன சத்தியம்?

ஜோதியம்மாள்: அவன் எப்ப வருவான்?

நிர்மலா: எதுத்த வீட்டு கங்கப்பன் அண்ணன் அவரை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. நீங்க சொல்லுங்க.

ஜோதியம்மாள்: இன்னிக்கு உன் புருசன் எத்தனைவாட்டி தண்ணி குடிச்சான்?

நிர்மலா: காலைலருந்து... அஞ்சாறுவாட்டி.

ஜோதியம்மாள்: அதே குழாய். அதே பழைய பம்ப். நாளைக்கு நீ அஞ்சரை மணிக்கு பஸ் ஏறினீன்னா சாயந்தரம் ஆறு வரைக்கும் ஒரு வாய் குடிக்கமாட்டான். மத்தியானம் நான் சோறு ஊட்டும்போது விக்கல் எடுக்கும், கண்ணுல தண்ணி வரும். அப்பவும் வேணாம்பான்.

பிரேம்குமார்: ஏம்மா?

ஜோதியம்மாள்: குடிச்சா அப்பறம் ஒண்ணுக்கு வரும்ல தம்பி. லுங்கிய யாரு தூக்கறது? போன மாசம் ஒரு நாள் மேல தொம்முனு சத்தம். ஓடியாந்து பாத்தா பாத்ரூம் வாசல்ல நனைஞ்சு கெடக்கான். கதவு தாப்பாள வாயால தொறக்கப் பாத்து வழுக்கிட்டான். நான் தூக்கி உக்கார வெச்சு, கழுவி, வேற லுங்கி கட்டி விட்டேன். "டேய், நீ என் வயித்துல பொறக்காத புள்ளைடா, வந்தா ஒரு சத்தம் குடு, ஓடியாறேன்"னேன். "கையோட போச்சுன்னு நெனச்சேன், மானமும் போகணுமாக்கா"ன்னு கேட்டான். நிர்மலாகிட்ட சொன்னா மேல இருந்து குதிச்சிருவேன்னு சத்தியம் வாங்கினான். அன்னிலருந்துதான் இந்த சொட்டு சொட்டு கதை.

பிரேம்குமார்: ஆள் யாராச்சும் வெச்சுப் பாக்கலாமே...

ஜோதியம்மாள்: வெச்சாங்க. நாலாம் நாள் அந்த ஆளு ஃபோனே எடுக்கல.

பிரேம்குமார்: அப்ப பம்பை எடுத்துட்டுப் போயிடறேன் மேடம்.

ஜோதியம்மாள்: எடுத்துட்டுப் போ தம்பி. பெருசப் போட்டு தண்ணி பீச்சி அடிச்சா, நாளைக்கு அந்தப் பாவி இவகிட்ட என்னத்தைச் சொல்லி ஒப்பேத்துவான்?

நிர்மலா: தெரியும்க்கா. நீங்க கட்டிவிட்ட லுங்கி முடிச்சை அன்னிக்கு ராத்திரி நான்தானே அவுத்தேன்... அது என் முடிச்சு இல்ல. நான் வேலைய விட்டா அவரு தண்ணி குடிப்பாரு, சோறு யாரு போடுவாங்க? பம்ப் சரியில்லன்னு அவரு சொல்லணும், அத நான் நம்பணும்... அப்பத்தான் காலைல அந்த பஸ் படியில எனக்குக் கால் எழும்புது. பெருசு போட்டா ஃபில்டர் அடைச்சுக்கிச்சும்பாரு, அதையும் மாத்துவேன். நீங்க நூத்தம்பதையே மாட்டுங்க அண்ணா, அவரு வர்றதுக்குள்ள.