கருமலைப் பூதத்தின் கடைசி ரீல்

…அந்தக் கடைசி ரீலை இனிமே தேட வேண்டாம், டைரக்டர் தம்பி! அது எங்கே போச்சுன்னு இந்த மேடையில ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். இன்னொண்ணு பொன்னுராஜ் அண்ணாச்சி. அண்ணாச்சி, தலையைக் குனியாதீக. ஏழு வருஷமா நீங்க காப்பாத்துன வாக்கை இன்னைக்கு நானே அவுத்து விடுதேன்.

செத்தப் பொறுங்க. மைக்கைப் பாத்த பதட்டத்துல முறையை மறந்துட்டேன்.

கோபுரத்து நிழல் குடையாக விழுகிற இந்தத் தேரடி மேடையிலே, தலைமை தாங்கித் தளராமல் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சடகோபன் ஐயா அவர்களே! சென்னைப் பட்டணத்திலிருந்து கம்ப்யூட்டரும் கனவுமாக வந்திருக்கும் டைரக்டர் சோலைராஜ் தம்பி அவர்களே! கோடை தவறாமல் ராஜபாளையத்துத் திரையிலே கருமலைப் பூதத்தை நடமாட விட்ட தியேட்டர்காரர் பொன்னுராஜ் அண்ணாச்சி அவர்களே! பூவும் பொட்டுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் என் தாய்மாரே! பூவும் பொட்டும் இழந்து என்னைப் போலப் பின்வரிசையிலே ஒதுங்கியிருக்கும் என் தாய்மாரே! மதில் மேலே கால் தொங்கப் போட்டிருக்கும் காளைகளே! உள்ளே ரெங்கமன்னாரோடு கொலுவிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் நாச்சியாரே! மார்கழி மாசம் பஜனை மடத்திலே பேசி மட்டுமே பழக்கப்பட்ட வஞ்சுளவல்லியின் வணக்கம்.

யாருலே அது, "அத்தே, சுருக்கா முடி"ங்கது? முத்துவீரனா? ஏலே, உனக்கு ஏழு மணிக்குத்தான பஸ்ஸு? உக்காரு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டுல நம்ம செண்பகத்தோப்புக் காட்டுல ஒரு படம் எடுத்தாக. கருமலைப் பூதம். முப்பத்தேழு வருஷத்துக்குப் பொறவு அதே படத்தை, அதே பேர்ல, அதே காட்டுல மறுபடி எடுக்கப் போறாக. அதுக்குத்தான் இந்த மாலை, இந்த மேளம், இந்த வரவேற்பு. ஊரே காத்துக் கிடக்கு. உங்க எல்லாரையும் விட அதிகமாக் காத்துக் கிடந்தவ நான். ஏன் தெரியுமா? அந்தப் பூதத்துக்குள்ள இருந்தது என் புருஷன்.

அவிய பேரை என் வாயால சொன்னதில்லை. படத்து டைட்டில்லயும் போடலை. தலைவர் ஐயா, நீங்க கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. "சாரங்கபாணி." கேட்டுச்சா? பின்னால இருக்கவுகளுக்குக் கேட்டுச்சா? இன்னொரு தரம் சொல்லுங்க ஐயா, புண்ணியமாப் போகும். "சாரங்கபாணி!"

அப்ப அவியளுக்கு இருபத்து நாலு வயசு. ஜின்னிங் பேக்டரியில பஞ்சு மூட்டை தூக்குற வேலை. ஆறடிக்கு மேல ரெண்டங்குலம் உசரம். பூதமா நடிக்க மெட்ராஸ்ல இருந்து வந்த பயில்வானுக்குக் காட்டுக் காய்ச்சல். சாமான் சுமக்கப் போன இவியளைப் புடிச்சுப் பூதமாக்கிட்டாக. கழிவுப் பஞ்சைக் கறுப்புச் சாயத்துல முக்கி, சாக்குல வச்சுத் தைச்ச உடுப்பு. சித்திரை வெயிலு! உள்ள மனுசன் வேகுதான், வெளிய பூதம் உறுமுது. பேக்டரியிலயும் பஞ்சு, பூதத்துலயும் பஞ்சு, கடைசியில நெஞ்சுக்குள்ளயும் பஞ்சு! எந்தப் பஞ்சு அவிய உயிரைக் குடிச்சுதுன்னு நான் யாரைக் கேக்க?

கதை உங்களுக்குத் தெரியும். சாபத்தால பூதமானவன். கடைசி ரீல்ல வேட்டைக்காரன் சுடுதான். பூதம் சுனைக்கரையில சாயுது. சாகும் போது சாபம் தீருது, பூதத்தலை கழண்டு விழுது, உள்ள இருந்து மனுச முகம் வருது. அந்த முகம் கதாநாயகன் முகமாத்தான் இருக்கணும். ஆனா இவிய தலையைக் கழட்டிட்டு நனைஞ்ச முகத்தோட நிமிந்து பாத்தாகளாம். அந்தக் காலத்து டைரக்டரு, இந்த முகமே போதும்னுட்டாராம். எம்புட்டுப் பெரிய பாக்கியம்! பாக்கியம்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியலை. கூலியைக் குடுத்து அனுப்பிட்டான். படம் முடிஞ்சு போட்டுப் பாத்தப்போ ஒரு வார்த்தை கூப்பிடலை.

பொறவு ராஜபாளையத்துக்குப் படம் வந்துச்சு. அப்ப நாங்க தியேட்டருக்கு ஒரு மைல் தள்ளிக் குடியிருந்தோம். பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் படியிறங்கப் போனேன். எங்க மாமியா குறுக்க நின்னாக.

"ஏட்டி, எங்க கிளம்பிட்ட?"

"படத்துக்கு அத்தே."

"போ. பூதம் ஆடட்டும், பாடட்டும், பாரு. சாவப் போகுதுன்னா எந்திரிச்சு வந்துரு. கட்டுனவன் சாகுறதைக் கட்டுனவ கண்ணால பாக்கக் கூடாது. பொய்யானாலும் பாக்கக் கூடாது. தாலிக்கு ஆகாது."

சிரிக்காதீக. நீங்க சிரிக்கீக, நான் முப்பது வருஷம் அதைச் சிரமேல வச்சிருந்தேன். பதினொரு தடவை அந்தப் படத்துக்குப் போனேன். ரெண்டு பேருமாத்தான் போவோம். நான் இல்லாம அவிய ஒரு சினிமாவுக்குப் போனதே கிடையாது, அதை நான் ஊரெல்லாம் பெருமையாச் சொல்லுவேன். பொம்பளைக எல்லாம் இடது பக்கம், ஆம்பளைக எல்லாம் வலது பக்கம் உக்காருவோம். வேட்டைக்காரன் துப்பாக்கியைத் தொட்டதும் நான் எந்திரிச்சிருவேன். மேட்னி ஷோ, வெளிய வந்தா வெயிலு மூஞ்சியில அறையும். கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைக்கதுக்குள்ள தலைக்கு மேல கறுப்புக் குடை விரிஞ்சிரும். வீட்டுக்கு நடந்துருவோம்.

மறுநாள் குழாயடியில கேப்பேன்: "ஏட்டி வெள்ளத்தாயி, முகம் எப்படி இருந்துச்சு?" "அழுதாக மதினி, பாத்து நானும் அழுதுட்டேன்"ம்பா. செல்லத்தாயி குறுக்க விழுந்து, "அவளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு, சிரிச்சாக மதினி"ம்பா. எது நெசம்னு அவியளைக் கேட்டா, ஒரே பதில்தான்: "பாத்தவுகளைக் கேளு." எம்புட்டு அடக்கம் பாருங்கன்னு நான் நினைச்சுக்குவேன்.

எண்பத்தெட்டாம் வருஷம். நாப்பது மூட்டை சுமந்த மனுசனுக்கு நாலு படி ஏற முடியலை. டாக்டரு எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்துல காட்டி, நுரையீரல் பூரா தூசுன்னாரு. அப்பன்னு பாத்து தெருவுல வண்டி போகுது, "இன்று முதல், தினசரி மூன்று காட்சிகள், கருமலைப் பூதம்!" என் மனசு எங்க போச்சு தெரியுமா? தினசரி மூணு காட்சியா? தினசரி மூணு தடவை என் புருஷன் சாகணுமா? பாக்காம இருந்து நான் காப்பாத்துன உசுரை ஊர் பூரா பாத்துப் பாத்தே அறுக்குதேன்னு தோணிப் போச்சு.

ஓடுனேன். தியேட்டர் வாசல்ல அண்ணாச்சி முன்னால மடியை ஏந்துனேன். மாங்கல்யப் பிச்சை! அந்தப் பிச்சையை இல்லைன்னு சொன்ன ஆம்பளை இந்த மண்ணுல உண்டா?

"என்ன தாயீ வேணும்?"

"அந்தக் கடைசிப் பெட்டி."

"அது இல்லைன்னா படம் மொட்டையாப் போயிரும் தாயீ."

"படம் மொட்டையாப் போகட்டும் அண்ணாச்சி. என் கழுத்து மொட்டையாகக் கூடாது."

தகரப் பெட்டியை எடுத்து மடியில வச்சாரு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கும் குடுத்தாரு. கொல்லையில கொண்டு போயித் தீ வச்சேன். புசுபுசுன்னு எரியுது, பாம்பு மாதிரிச் சுருளுது. தாய்மாரே, நல்லாக் கேளுங்க! ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டை எடுத்து வெயிலுக்கு நேராப் புடிச்சிருந்தா அந்த முகத்தைப் பாத்திருப்பேன். பாத்தேனா? கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நாச்சியார் பேரைச் சொல்லிக்கிட்டு நின்னேன்.

கட்டில்ல இருந்து குரல் வருது. "என்னடி நாத்தம்?"

"பழைய பிளாஸ்டிக் டப்பா."

"வண்டி போச்சே, பூதம் போட்டிருக்கானா? எந்திரிச்சு நடமாடுனா ஒரு தடவை போயிட்டு வரணும்டி."

"எல்லாம் குணமாகிப் போகலாம்."

பத்தொன்பதாம் நாள் போயிட்டாக.

எரிச்சேனே, தாலி நின்னுதா? பாக்காம எந்திரிச்சு வந்தேனே பதினொரு தடவை, நாச்சியார் கணக்குல ஒரு நாளாவது கூடுச்சா? எங்க கல்யாணத்துக்குப் போட்டோ கிடையாது. வீட்டுல இருக்கது பேக்டரி கார்டுல ஒட்டுன அம்பது வயசுப் படம். இருபத்து நாலு வயசு முகம் எனக்கு மறந்து போச்சு. கண்ணை மூடுனா இருமுத முகந்தான் வருது. சொல்லவே வெக்கமா இருக்கு, புருஷன் முகம் மறந்து போச்சு!

போன வருஷம் பேப்பர்ல போட்டான், கருமலைப் பூதம் மறுபடி வருதுன்னு. ஆகா, புதுக் கம்பெனி பழைய நெகட்டிவைத் தோண்டி எடுப்பான், அதுல அந்த முகம் இருக்கும்னு துள்ளுனேன். இப்ப எனக்கு ஆகாதுன்னு சொல்லத் தாலியா இருக்கு? மதுரைக்குப் போயிக் கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தேன், அதைப் பாக்கதுக்குன்னே.

டைரக்டர் தம்பி செத்த முந்தி இதே மைக்குல என்ன சொன்னாரு? நெகட்டிவ் மெட்ராஸ் குடோன்ல புழுங்கிப் பொடியாப் போச்சு. உலகத்துல இருக்கது ஒரே பிரிண்ட்டு, பொன்னுராஜ் அண்ணாச்சிகிட்ட. பதினாலு ரீல் இருக்கு, பதினஞ்சாவது இல்லை, கொண்டு வாரவுகளுக்குப் பொன்னாடை! தம்பி, அந்தப் பொன்னாடையை மடிச்சு உள்ள வச்சுக்கோங்க.

புதுப் பூதத்தைக் கம்ப்யூட்டர்ல செய்யப் போறீகளாம். முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடுமாம். உள்ள ஆளே கிடையாதாம். கை தட்டுனாக எல்லாரும். நான் கேக்கேன்: உள்ள ஆள் இல்லாத பூதம் செத்தா அழுகதுக்கு யாரு இருக்கா? வேர்வை ஏது? தலை கழண்டா உள்ள என்ன இருக்கும் தம்பி? எந்த வீட்டுல எவ அதுக்காகத் தாலியைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு ஓடுவா?

இருக்கட்டும். உங்களை நொந்து என்ன? எரிச்சவ நான். இப்ப ஊரைக் கேக்கேன். கடைசி ரீலைப் பாத்தவுக எத்தனை பேரு இருக்கீக? கையைத் தூக்குங்க. அம்மாடி, எம்புட்டுக் கையி! சொல்லுங்க, அந்த முகம் எப்படி இருந்துச்சு?

"சிரிச்சாக"ன்னு சிவனாண்டி சொல்லுதாக. இல்லையா? "வானத்தைப் பாத்தாக." சரி. மீசை? இருந்துச்சா? இல்லையா? ஏன் உங்களுக்குள்ள சண்டை போடுதீக? ஐயாதுரை, நீ என்ன சொல்லுத? "ஞாவகம் இல்லை அத்தே." ஞாவகம் இல்லை! நீ ஒருத்தன்தாம்ப்பா நெசத்தைச் சொன்ன. ஒரு ஊரே பாத்த முகம், ஊருக்கும் இல்லாமப் போச்சு, எனக்கும் இல்லாமப் போச்சு!

தாய்மாரே! எது ஆகும் எது ஆகாதுன்னு பயந்து பயந்து நான் கண்ணை மூடுனேன். அதனால ஒரு சாவும் நிக்கலை. ஒரு முகம் போச்சு. நீங்க மூடாதீக! பாருங்க! சோறு திங்கும் போது பாருங்க, தூங்கும் போது பாருங்க, பொய்யாச் செத்தாலும் பாருங்க, நெசமாச் செத்தாலும் பாருங்க! பொறவு பாத்துக்கலாம்னு விட்டா, பாக்கதுக்கு ஒண்ணும் இருக்காது!

இம்புட்டு நேரம் ஒரு கிழவி புலம்பலை எந்திரிச்சுப் போகாமக் கேட்டீகளே, அதுக்குக் கும்பிடுதேன். தலைவர் ஐயாவுக்கும், டைரக்டர் தம்பிக்கும், என்னால பழி சுமந்த பொன்னுராஜ் அண்ணாச்சிக்கும் நன்றி. நாச்சியார் எல்லார் வீட்டு விளக்கையும் காக்கட்டும். வாரேன்.

காஞ்சனா, படிக்கிட்ட இருக்கு பாரு, அந்தக் குடையை எடுத்துக் குடு. இன்னும் வெயிலு தாழலை.

செத்த இருங்க. மைக்கை அணைக்காதீக.

பதினொரு தடவையும் நான் கேட்டைத் தாண்டுனதும் தலைக்கு மேல குடை விரிஞ்சுதுன்னு சொன்னேனே… விரிச்சது அவியதான? உள்ள பூதம் தலையைக் கழட்டுத நேரத்துல, அவிய எனக்குக் குடை புடிச்சுக்கிட்டு வெயில்ல நடந்து வந்தாக.

பாத்தவுகளைக் கேளுன்னாகளே… அந்த முகத்தை அவியளும் பாத்ததில்லை.