இருபத்து நான்காம் தாள்

வாசகப் பெருமக்களே, உலர்ந்த இலை ஒட்டிய தாளின் மேல் ஈரப் பசை தடவலாகாது. பூஞ்சை பிடிக்கும். என் காப்பகத்தின் இருபத்து நான்காம் தாளில் ஒரு காவல் ஆய்வாளர் பசையை அள்ளிப் பூசி, ‘சான்றுப் பொருள்’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறார். அதுவும் கோணலாக. இந்த அநீதிக்கு உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன்.

நான் உலர்தாவரக் காப்பகத்தின் பதிவாளன். காட்டிலிருந்து வரும் கிளைகளை அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டுவோம். கீழே ஐந்து கட்டங்கள்: இடம், நாள், சேகரித்தவர், பயன், சரிபார்த்தவர். எதையும் காலியாக விடலாகாது. பொய்யால் நிரப்பவும் ஆகாது. இருபத்தாறு ஆண்டுகளாக என் மதம் இதுதான்.

காட்டு யூ என்னும் ஊசியிலை மரத்தின் கிளைகளைச் சேகரிப்பது என் தங்கை கணவரின் பொறுப்பு. அம்மரத்தின் பட்டையில் மருந்து இருக்கிறது. இலையில் நஞ்சு இருக்கிறது. ஒரே கோடையில் இருபத்து மூன்று மலைச்சரிவுகளின் பெயரில் இருபத்து மூன்று கிளைகள் கொண்டுவந்தார். அவற்றை நம்பி ‘இம்மரம் காட்டில் ஏராளம்’ என்று மேலிடம் அறிவித்தது. பட்டை உரிக்க அனுமதியும் தந்தது. மெய்யாக இருந்த சில மரங்களும் அம்மணமாக நின்று செத்தன.

மூன்றாம் ஆண்டு, ஒரு பிற்பகலில், அந்தத் தாள்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். எல்லாக் கிளைகளிலும் நீலப் பெயின்ட் துளிகள். எங்கள் அலுவலக வாயிற்கதவின் நீலம். அதையொட்டி, அழகுக்காக நட்ட யூ மரம் ஒன்று நிற்கிறது.

“மாப்ளே, காட்டுக்கு யாரு பெயின்ட் அடிச்சது?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “விடுங்க மச்சான். அட்டைக்கு ரத்தம் குடுக்கவா வேலைக்கு வந்தேன்? மரம் மரம்தானே. அந்தத் தாளைப் பாக்குறது நீங்களும் கரப்பான்பூச்சியும்தான். கரப்பான் ஒண்ணும் கேக்கலையே.”

“மேலிடத்துக்கு எழுதித் திருத்திடலாம்.”

“தாராளமா எழுதுங்க. சரிபார்த்தது யாருன்னு கேப்பாங்க.”

அந்த இடத்தில் பேச்சு நாகரிகம் இழந்தது. நான் தேநீர் போடப் போனேன்.

மாப்பிள்ளைக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும், அது வசதியாயிற்று. வாயிலோரத்து மரம் மேலும் ஒரு கிளை தந்தது. மாலைக்குள் அவர் இதயம் நின்றது. மருத்துவர் மாரடைப்பு என்று எழுதினார், அவரும் சரிபார்க்கவில்லை. தங்கை என் தோளில் சாய்ந்துதான் அழுதாள்.

மிச்சக் கிளை மேசையில் கிடந்தது. பதிவில்லாத கிளை என் மேசையில் கிடந்ததே இல்லை. அழுத்தினேன், உலர்த்தினேன், யூ வரிசையின் இருபத்து நான்காம் தாளில் ஒட்டினேன். இடம்: அலுவலக வாயில். நாள்: அன்றைய தேதி. சேகரித்தவர்: நான். பயன்: மாப்பிள்ளையின் தேநீர். சரிபார்த்தவர்: நான். இம்முறை மெய்யாகவே சரிபார்த்தேன்.

ஆண்டுத் தணிக்கையில் தாள் வெளிப்பட்டது.

“என்ன சார் இது, நீங்களே எழுதி வச்சிருக்கீங்க?” என்றார் ஆய்வாளர்.

“காலியா விடக் கூடாதுங்க.”

தங்கை என்னைப் பார்க்கச் சிறைக்கு வருவதில்லை. அவளுக்குத் தாவரவியல் தெரியாது.

பெருமக்களே, திரளுங்கள். அந்தக் கோணல் சீட்டை நீக்கி, இருபத்து நான்காம் தாளை அதன் அலமாரிக்கு மீட்டுத் தாருங்கள். யூ மரத்துக்கு எங்களிடம் உள்ள ஒரே நேர்மையான பதிவு அது. மற்ற இருபத்து மூன்றையும் கொளுத்துங்கள். சரிபார்த்தவர் கட்டத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே இருப்பது என் கையெழுத்து.