பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் நோட்டுகள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும் ஐயா. விசாரணைக்காக அந்த நோட்டுகளைப் புரட்டும்போது நீங்களே சொன்னீர்கள். பிள்ளைகள் என்னை நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு நான் ஆங்கில இலக்கணம் எடுத்தேன். என் மனைவி அறிவியல். பள்ளி திறந்த இரண்டாம் வாரம், நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இரங்கல் கூட்டத்தில் ஒரு நிமிட மௌனம். அந்த மௌனத்தில் ‘ஆ’ பிரிவு சிரித்தது. அன்று வேறெதுவும் என் காதில் விழவில்லை.

கோபம் என்று எழுதிவிடாதீர்கள். கோபக்காரன் பிரம்பை எடுப்பான். நான் ஒரு வாரம் விடுப்பு எடுத்துப் புதிய இலக்கணக் குறிப்பு தயாரித்தேன். ஒருமைக்குப் பன்மை வினை. நேற்று நடந்ததற்கு நாளைய காலம். விதிவிலக்குகளும் சேர்த்தேன், அவை இல்லாவிட்டால் ஆங்கில இலக்கணம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். பாடநூல் பழசு, நான் எழுதிக் கொடுத்த நோட்டை மட்டும் படியுங்கள் என்றேன். ஒரு புத்தகம் குறைகிறதென்றால் எந்தப் பிள்ளை அழும்?

ஒருவன் மட்டும் எழுந்தான்.

“சார், டியூஷன்ல வேற மாதிரி சொல்றாங்க.”

“அப்ப உன் பேப்பரையும் டியூஷன் சாரே திருத்தட்டும்டா. உட்காரு.”

வகுப்பே சிரித்தது. அவன் டியூஷனை நிறுத்திவிட்டான்.

பள்ளித் தேர்வுகளை நான்தான் திருத்தினேன். எல்லோருக்கும் தொண்ணூறுக்கு மேல். துக்கத்திலும் கடமை என்று தலைமையாசிரியர் என்னைப் புகழ்ந்தார்.

பொதுத்தேர்வில் முப்பத்தாறு பேரில் முப்பத்துமூன்று பேர் ஆங்கிலத்தில் தோற்றார்கள். தேறிய மூவரும் என் வகுப்பில் தூங்குகிறவர்கள். வகுப்புத் தலைவிக்குப் பதினொன்றாம் வகுப்பு நர்சிங் பிரிவில் பேசி வைத்திருந்த இடம் போயிற்று. அவள் அம்மா வந்தாள். சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன்.

“நீங்க சொன்னதைத்தானே சார் வரி விடாம படிச்சா? இவ என்ன தப்பு பண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே அந்த வகுப்புத் தலைவி ஆசிரியர் அறைக்கு வந்திருந்தாள்.

“சார், அன்னைக்கு நாங்க மிஸ்ஸ நெனச்சு சிரிக்கல. ஹெச்.எம் சார் மைக்க ஆஃப் பண்ணல. அவரு வயிறு கடமுடான்னுச்சு. எங்க தலைக்கு மேல இருந்த ஸ்பீக்கர்ல இடி மாதிரி கேட்டுச்சு சார். மிஸ் இருந்திருந்தா அவங்கதான் முதல்ல சிரிச்சிருப்பாங்க.”

உண்மைதான். சிரிப்பை அடக்கத் தெரியாதவள் அவள். ஆனால் அதற்குள் பாதிப் பாடம் முடிந்திருந்தது ஐயா. நடுவில் மாற்றினால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.