நல்லம்மாளுக்கு அனுப்பிய பொன்னாடை

காப்பியைக் குடியுங்கள் தம்பி, ஆறினால் நன்றாயிருக்காது. தெலுக் இந்தானிலிருந்து ஈப்போ வரை வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள். உங்கள் அக்காவைப் பற்றி என்னிடம் கேட்பதுதான் முறை. நல்லம்மாளின் கடைசிக் கூட்டத்தை நடத்தியவன் நான்தானே.

எங்கள் இலக்கியச் சந்திப்பு ஞாயிறு தவறாமல் ஜூமில் நடக்கும். கவிதை வாசிப்பு, எழுத்தாளருடன் உரையாடல், பிறகு பொன்னாடை. திரை வழியாகப் போர்த்த முடியாது அல்லவா, அதனால் முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிடுவேன். நான் அறிவித்ததும் வீட்டில் இருக்கும் யாராவது போர்த்துவார்கள். செமோரில் தனியாக இருந்தவர் உங்கள் அக்கா. தனக்குத் தானே போர்த்திக்கொள்ள வேண்டியதுதான். அதில் எனக்கே கொஞ்சம் வருத்தம்.

எனக்கு அவர்மேல் கோபம் என்று சிலர் சொல்கிறார்கள். தீபாவளிச் சந்திப்பில் என் நீள்கவிதையை வாசித்துக்கொண்டிருந்தேன். மைக்கை மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர் அடுப்படியிலிருந்து, "ஐயோ, இந்த அண்ணன் இன்னும் முடிக்கலயா? கறி தீஞ்சிருச்சிலா" என்றார். தாப்பாவிலிருந்து வரும் சாந்தினி விழுந்து விழுந்து சிரித்தாள். திரை முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். நானும் சிரித்தேன். கவிதையை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பெருந்தன்மை இல்லாவிட்டால் இலக்கியம் எதற்கு? அடுத்த சந்திப்புக்கு அவரையே சிறப்பு விருந்தினராக அழைத்தேன். கூடவே ஒரு சின்ன ஒழுங்கும் கொண்டுவந்தேன். இனி யாருடைய மைக்கும் நான் திறந்துவிட்டால்தான் திறக்கும்.

அன்று அழகாக வாசித்தார். பொய் சொல்லக் கூடாது, என்னைவிட அழகாக. உரையாடல் முடிந்ததும் அவர் மைக்கை மூடிவிட்டுப் பொன்னாடையை அறிவித்தேன். வலது கையால் எடுத்து ஒரு தோளில் போட்டார். இடது கை எழவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பொன்னாடை நழுவிக் கீழே விழுந்தது. நெகிழ்ந்து போய்விட்டார் என்று நினைத்து எல்லாரும் கைதட்டல் பொம்மைகளை அனுப்பினார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. என் மனைவி சொர்ணத்துக்குப் பக்கவாதம் வந்தபோதும் இப்படித்தான், முதலில் கை, பிறகு வாய். சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் அக்காவின் உதடுகள் அசைந்தன. 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டார், எனக்குப் புரிந்தது. மைக்கைத் திறந்திருந்தால் அந்தக் குழறலை எல்லாரும் கேட்டிருப்பார்கள். அவ்வளவு அழகாக வாசித்தவருக்கு அது மரியாதையா, சொல்லுங்கள்? அவர் கௌரவத்துக்காகத்தான் படத்தையும் அணைத்தேன்.

சாந்தினி உடனே எழுதிக் கேட்டாள்: "அண்ணே, அக்காவக் காணோமே. வீட்டு அட்ரஸ் இருக்கா? யாரையாச்சும் போய்ப் பாக்கச் சொல்லலாம்லா."

பொன்னாடை அனுப்பிய முகவரி என்னிடம் மட்டுமே இருந்தது. செமோரும் பக்கம்தான், நானே காரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். "லைன் பிரச்சினைம்மா, வந்துருவாங்க" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள்தான் கதவைத் தட்டினாராம். பாவம், உங்கள் அக்கா நல்ல மனுஷி.

போலீசுக்குச் சொல்ல வேண்டுமானால் தாராளமாகச் சொல்லுங்கள் தம்பி. நானே கூட வருகிறேன். ஆனால் கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். கூட்டம் பாதியில் கலையக் கூடாது, அவ்வளவுதான்.

நேரம் மிச்சமிருந்ததால் அந்த நீள்கவிதையை முதலிலிருந்து வாசித்தேன். கடைசி வரி வரை ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அப்படியொரு ரசனையுள்ள கூட்டம் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. எல்லாருடைய மைக்கையும் நான்தான் மூடி வைத்திருந்தேன்.