மூண்டும் நாலும்

நில்லுங்கோ மாஸ்டர், என்ன அவசரம்? விளைமீன் செதில் லேசிலை போகாது. அரைகுறையாத் தந்தால் வீட்டிலை உங்களுக்கெல்லே ஏச்சு விழும்.

ஓம், தெரியும். செல்வநாயகம் மாஸ்டரை ஆருக்குத் தெரியாது? அட்சரகணிதம், அந்த எக்ஸ் போட்ட கணக்கு எண்டால் நீங்கள்தானாம். எங்கடை குருநகர்ப் பிள்ளையளும் உங்கடை ரியூசன் கொட்டிலுக்குத்தானே வருகுதுகள்.

தலையைப் பிளக்கவோ? சரி, கையை எடுங்கோ.

அதிலை ஸ்ரெல்லா எண்டு ஒருத்தி வந்தவள். எக்ஸுக்கு மேலை மூண்டாம், பக்கத்து எக்ஸுக்கு மேலை நாலாம், பெருக்கிச் சுருக்கட்டாம். விசரி, மூண்டையும் நாலையும் பெருக்கிப் பன்ரண்டு எண்டு எழுதிப்போட்டாள். ஓம் ஓம், பிழைதான். மேலை நிக்கிற சுட்டியைக் கூட்டவேணுமாம். எனக்கு உதெல்லாம் எங்கை தெரியும்? ஆனால் உந்த ஒரு கணக்கு மட்டும் இனிச் சாகுமட்டும் மறவாது. இடது கன்னத்திலை மூண்டு அறை விட்டு, எண்ணடி எண்டவராம். எண்ணினாளாம். பிறகு அதே கன்னத்திலை நாலு. இப்ப எல்லாமா எத்தினை எண்டு கேட்டவராம். பிள்ளைக்கு அந்தக் கேள்வி கேக்கேல்லை மாஸ்டர். காதுக்கை ஒரே இரைச்சல். வாய் திறக்கிறாளில்லை எண்டு தலைமயிரிலை பிடிச்சுச் சுவரோடை மோதினவராம்.

ஆர் எண்டு நான் சொன்னனானோ? ஏன் உப்பிடி வேர்க்குது?

சட்டை முழுக்க ரத்தம். அந்தக் காது இனிக் கேளாது எண்டு ஆஸ்பத்திரியிலை சொல்லிப்போட்டினம். நேர்சாப் போகவெண்டு கனவு கண்ட பிள்ளை, இப்ப அந்தப் பக்கத்தாலை கூப்பிட்டால் திரும்பிறாளில்லை.

எங்கை போறியள், மீனையும் விட்டிட்டு? கையை இழுக்காதேங்கோ, கத்தி பட்டிடும்.

ஓம், அவள் என்ரை மூத்தவள். கொட்டிலிலை கொண்டுவந்து சேர்த்ததும் நான்தான். நீங்கள் அண்டைக்கு நிமிந்தும் பாக்கேல்லை, அதுதான் என்னைத் தெரியேல்லை. அவளின்ரை தகப்பனுக்கு உங்கடை முகம் தெரியாது. ஆளை ஒருக்காக் காட்டு, மிச்சத்தை நான் பாக்கிறன் எண்டவர். வள்ளம் கரைக்கு வருமட்டும் உங்களை நிப்பாட்டத்தான் இவ்வளவு கதையும்.

இஞ்சாருங்கோ! இஞ்சாலை வாங்கோ! துடுப்பைக் கீழை போடாதேங்கோ, கொண்டே வாங்கோ.

ஓம், இவர்தான்.