திரை போட்டிருந்த நேரம்

"நைனா, சாமி திரை போட்டுக்கினுதானே துன்னுது? அந்நேரம் நம்ம தப்பு செஞ்சா அதுக்குத் தெரியாதா?"

நாராயணவனம் கோயிலில் நைவேத்தியத்துக்காகத் திரை இழுத்திருந்தபோது என் மகள் காவ்யா இப்படிக் கேட்டாள். என் தோளில் உட்கார்ந்து வருகிற வயது அவளுக்கு. "சாமிக்கு எல்லாம் தெரியும் கண்ணு" என்றேன். குழந்தையிடம் பொய் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கோவர்த்தனன். புத்தூரில் விசைத்தறி ஓட்டுகிறேன். மனைவி தாட்சாயணி குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். அவள் போனபிறகு காவ்யாவுக்குத் தலை வாரிப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியது நான்தான். ஒருநாளும் அடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. அன்பாகச் செய்கிற சின்னக் காரியங்களே போதும், பிள்ளைகள் வழிக்கு வந்துவிடுவார்கள் என்று நம்புகிறவன் நான்.

அவள் பத்தாவது முடித்து இண்டர் சேர்ந்த வருஷம் காலேஜில் பெற்றோர்களைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் போனில் யாரோடு பேசுகிறார்கள் என்று கவனியுங்கள், பூச்சிமருந்தையும் மாத்திரையையும் பூட்டி வையுங்கள் என்றார்கள். மற்றவர்கள் பிஸ்கட் தின்றுவிட்டுப் போனார்கள். நான் செய்தேன். எலிமருந்தை எறிந்தேன். அரிவாள்மனையைப் பெட்டிக்குள் வைத்தேன். அவள் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன், பிறகு குளியலறையினுடையதையும். மின்விசிறியை இறக்கிவிட்டேன். கையால் விசிற நான் இருக்கிறேன் அல்லவா?

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் சிரித்தாள். "இன்னா கோவர்த்தனா, ஊட்ல ஒரு தாப்பா கூட இல்லியே. திருடன் வந்தா இன்னா பண்ணுவ?"

"எத்துக்கினு போக இன்னாக்கா கீது?"

"பொண்ணு கீறாளேடா."

"அதுக்குத்தான் நான் கீறேனே."

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். தறிச் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் என் காதில் ஓடும் என்பதால் டாக்டர் தூக்க மாத்திரை எழுதியிருந்தார். அதைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். பிள்ளை கைக்கு எட்டாது. நானாகத்தான் எடுத்து, படுக்கும்முன் அவள் பாலில் பாதி போடுவேன். போன் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள மாட்டாள்.

"பாலு ஏன் நைனா கசக்குது?"

"மாடு வேப்பந்தழை துன்னிருக்கும் கண்ணு."

தூங்குகிறவளின் கட்டைவிரலை எடுத்து வைத்தால் போன் திறந்துகொள்ளும். பையன் எவனும் இல்லை. பேச்செல்லாம் அம்மாவோடுதான். பின்னலில் கனகாம்பரம் வைத்து எடுத்த படங்கள். எம்செட் நுழைவுத்தேர்வு எழுதித் திருப்பதி ஹாஸ்டலில் தங்கி அக்ரி படிக்கப் போகிற கனவு. 'பால் குடிச்சா காலைல தல சுத்துதும்மா' என்று ஒன்று. அதைத் தாட்சாயணி பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். தூரதேசத்தில் இருப்பவள், வீணாகக் கவலைப்படுவாள்.

ஹாஸ்டல் என்றால் அறைக்கு அறை தாழ்ப்பாள். நாராயணவனத்துப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். பெண் வீட்டோடு இருக்கட்டும், அவள் முடியை உனக்குத் தருகிறேன் என்றேன். பெருமாளுக்கும் ஆயிரம் வேலை, நாமும் கொஞ்சம் ஒத்தாசை செய்ய வேண்டும். பரீட்சைக்கு முந்தின நாள் பாலில் முழு மாத்திரையாகப் போட்டேன்.

காலையில் திருப்பதி பஸ்கள் ஒவ்வொன்றாகப் போயின. நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய பிறகு எழுந்தவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏன் நைனா எழுப்பல?" என்றாள். அழக்கூட இல்லை.

"அசந்து தூங்கிக்கினு இருந்த. எழுப்ப மனசு வரல கண்ணு."

அது உண்மை.

பெருமாள் கொடுத்துவிட்டார். இனி நான் கொடுக்க வேண்டும். "பரீட்சையே எழுதல, எதுக்கு மொட்ட?" என்று அவள் கோயிலுக்கு வர மறுத்துவிட்டாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பால் கொடுத்தேன். தூங்கியதும், நானே வாரி வளர்த்த பின்னலைப் பிடரியோடு ஒட்ட வெட்டினேன். கூரான பொருள் என்பதால் கத்தரியை உடனே பூட்டி வைத்துவிட்டேன்.

அதன்பிறகு தாட்சாயணி வீடியோவில் அவள் தலையைப் பார்த்ததும், அடுத்த விமானத்தில் வந்ததும், பால் டம்ளரைத் துணியில் சுற்றி உங்களிடம் கொடுத்ததும் உங்களுக்கே தெரியும். இருவரும் இப்போது திருப்பதியில் அறை எடுத்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறார்களாம். ஏதாவது ஆபத்து என்றால் யார் போய்க் கதவைத் திறப்பது? நீங்களாவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

பின்னல் எங்கே என்று கேட்டீர்கள். மஞ்சள் துணியில் சுற்றி நாராயணவனம் எடுத்துப் போனேன். உண்டியலில் போட்டுக் கும்பிட்டேன். வேண்டுதல் கடனை விளம்பரம் இல்லாமல் தீர்க்க வேண்டும் என்பது என் கொள்கை. ஒருவரும் பார்க்கவில்லை.

கோயிலில் அன்று கூட்டமே கிடையாது. நான் போன உடனேயே போட்டிருக்கலாம். ஆனாலும் தூணோரமாகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன், அர்ச்சகர் வந்து திரையை இழுக்கிறவரைக்கும்.